பாட்டு வழி வந்த நாவல்: இருத்தலியல் புனைகதைகள் பரவிய வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நூல் எழுதப்பெற்ற வரலாற்றை ஆராய்வோர் பலர். அந்நூல் படிப்போர் கையை வந்தடைந்த வரலாற்றை ஆராய்வோர் சிலரே. ஆசிரியர் காலம், பதிப்பு, பாட வேறுபாடு ஆகியவற்றை நுணுகி நோக்கும் நாம், படிப்பவர் அந்நூலின் பெயரை முதன்முதலில் எங்ஙனம் கேள்வியுற்றார் என்று வினவுதல் அரிது. ஆசிரியர் வகுப்பில் சொல்லக் கேட்டோர் உளர். நூல் நிலையத்தில் தற்செயலாக எடுத்தோர் உளர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் பாட்டு ஒன்றைக் கேட்டு, அது சுட்டும் நூல் யாதெனத் தேடிச் சென்று கற்றோரும் உளர்.

இவ்வழிக்குச் சிறந்த சான்றாவன இருத்தலியல் நாவல்கள். மனிதனுக்கு முன்னரே வகுக்கப்பட்ட இயல்பு யாதும் இல்லை. அவன் முதலில் இருக்கின்றான், பின்னரே தன் தேர்வுகளாலும் செயல்களாலும் தன்னை ஆக்கிக்கொள்கின்றான். ஆகவே தன் செயலுக்குத் தானே பொறுப்பாவான் என்பது, பிரெஞ்சு மெய்ப்பொருளறிஞர் ழான்-பால் சார்த்தர் வகுத்துரைத்த இருத்தலியலின் சாரமாகும். ஆல்பெர் காம்யு தம்மை இருத்தலியலார் என அழைத்தலை 1945 ஆம் ஆண்டிலேயே மறுத்தார். எனினும் படிப்போர் வழக்கில் இருவர் நாவல்களும் ஓரினமாகவே எண்ணப்பட்டு வந்தமையின், ஈண்டும் அவ்வழக்கைத் தழுவுகின்றோம்.

இக்கட்டுரையில் யாம் நிறுவ முயல்வது ஒன்றே. பாட்டு ஒரு நூலைத் தொலைவிடத்திற்குச் சுமந்து செல்ல வல்லது. ஆயின் நூலுக்கும் பாட்டுக்கும் இடையே நிகழும் போக்குவரவில் பெயர்கள் இழக்கப்படுகின்றன. பாயிரத்தில் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தெண்ணும் மரபில் வந்த நமக்கு, இவ்விழப்பு சிறிதாகத் தோன்றாது. 1938 முதல் 2013 வரையுள்ள காலத்து நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

1. 'குமட்டல்' நாவலும் ஓர் இசைத்தட்டும்

சார்த்தரின் முதல் நாவலாகிய 'குமட்டல்' 1938 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கல்லிமார் பதிப்பகத்தாரால் வெளியிடப்பெற்றது. இதன் தலைவனாகிய ரொக்காந்தேன் பூவில் என்னும் கற்பனைத் துறைமுக நகரில் தங்கி, பதினெட்டாம் நூற்றாண்டுப் பெருமகன் ஒருவனது வரலாற்றை எழுத முயல்கின்றான். கல், மரவேர், தன் கை முதலிய எப்பொருளை நோக்கினும், அது காரணமின்றி வெறுமனே இருக்கின்றது என்னும் உணர்வு தோன்றி அவனுக்குக் குமட்டல் உண்டாகின்றது. இக்குமட்டல் நீங்கும் இடம் ஒன்று நாவலில் உண்டு. இரயில்வே ஊழியர் கூடும் காப்பிக்கடையில் பழைய இசைத்தட்டு ஒன்று சுழல்கின்றது. 'சம் ஆஃப் தீஸ் டேஸ்' என்னும் அமெரிக்கப் பாட்டு எழுகின்றது. அவன் உள்ளம் தெளிகின்றது.

நாவலின் இறுதியிலும் அத்தட்டே ஒலிக்கின்றது. ஊரைவிட்டு நீங்குமுன் ரொக்காந்தேன் அதனை மீண்டும் கேட்கின்றான். தட்டு தேய்ந்து கீறலுற்றிருக்கின்றது, பாட்டோ தேயவில்லை. கோடை வெப்பத்தில் வியர்வை வழிய அமர்ந்து அதனை இயற்றியவன் நியூயார்க் நகரத்து யூதன் ஒருவன் எனவும், பாடுபவள் கறுப்பினப் பெண் எனவும் அவன் மனத்தில் உருவகித்துக்கொள்கின்றான். அவ்விருவரும் தம் பாட்டால் இருத்தலின் பழியிலிருந்து ஒருவாறு நீங்கினர் என எண்ணி, தானும் ஒரு நாவல் எழுதினால் அத்தகைய விடுதலை எய்தலாகுமோ என எண்ணத் தொடங்குகின்றான். வரலாற்று நூலைக் கைவிட்ட ஒருவனை இலக்கியத்தின்பால் செலுத்தியது இசையே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வரலாற்று உண்மையை நோக்குவோம். அப்பாட்டை இயற்றியவர் ஷெல்டன் புரூக்ஸ். அவர் கனடா நாட்டு ஒன்டேரியோ மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட்பர்க் என்னும் ஊரில் 1886 ஆம் ஆண்டில் பிறந்த கறுப்பினத்தவர். பாட்டு 1910 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தம் வாழ்நாள் முழுதும் பாடிப் புகழ்பெறச் செய்தவர் சோஃபி டக்கர் என்னும் யூதப் பெண்மணி. அவர் டெட் லூயிஸ் குழுவினருடன் 1926 ஆம் ஆண்டில் செய்த பதிவு பெரிதும் விற்பனையாயிற்று. கடையில் சுழன்ற தட்டு எவர் பாடியது என நாவல் கூறவில்லை. ஆயினும் அப்பாட்டோடு பிரிவின்றி இணைந்த குரல் டக்கருடையதே. எனவே ரொக்காந்தேன் கொண்ட உருவகம் உண்மைக்கு நேர்மாறானது. யூதர் இயற்றக் கறுப்பினப் பெண் பாடவில்லை, கறுப்பினத்தவர் இயற்ற யூதப் பெண் பாடினார்.

அத்துடன் பாடியவள் இறந்திருக்கவும் கூடும் என ரொக்காந்தேன் எண்ணுகின்றான். நாவல் வெளிவந்த ஞான்று இருவரும் உயிருடன் இருந்தனர். டக்கர் 1966 ஆம் ஆண்டிலும் புரூக்ஸ் 1975 ஆம் ஆண்டிலுமே மறைந்தனர். இஃது ஆசிரியர் பிழையோ, தலைவனுடைய அறியாமையைக் காட்ட வேண்டி அவர் வைத்த குறிப்போ என்னும் வினாவுக்குள் ஈண்டுப் புகவேண்டுவதில்லை. ஒன்று தெளிவு. இலக்கியம் பாட்டினிடமிருந்து தன் உயிர்நாடியைப் பெற்றுக்கொண்டது. பாட்டுடையார் பெயர்களைப் பெற்றுக்கொள்ளவில்லை. நூல் வழியாக அப்பாட்டைத் தேடிச் சென்றோரே அப்பெயர்களை மீட்டனர்.

2. நிலவறைப் பாடல்களும் ஒரு சொல்லின் திரிபும்

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள், இருத்தலியல் மனிதநேயமே என்னும் பொருள்பற்றிச் சார்த்தர் பாரிஸில் சொற்பொழிவாற்றினார். அவையில் இடம் போதாது மக்கள் நெருக்கினர். அச்சொல் எங்கும் பரவிப் பொருளிழந்து போயிற்று என அவர் அன்றே குறைகூறினார். ஆயினும் பரவல் தொடங்கியதேயன்றி முடியவில்லை.

1947 ஆம் ஆண்டில் பாரிஸின் சேன்-ஜெர்மேன் பகுதியில், தொஃபின் தெருவில், 'தபூ' என்னும் நிலவறை மன்றம் திறக்கப்பெற்றது. அங்கு இளைஞர் ஜாஸ் இசைக்கு ஏற்ப இரவெல்லாம் ஆடினர். செய்தித்தாள்கள் அவர்களை இருத்தலியலார் எனப் பெயரிட்டெழுதின. ஆடியோரில் மெய்ப்பொருள் நூல்களைக் கற்றோர் எத்துணையர் என எவரும் கேட்டிலர். கறுப்புடையும் கலைந்த தலைமயிரும் ஒரு தத்துவத்தின் அடையாளமாயின.

இக்கூட்டத்தின் நடுவே நின்றவர் ஜூலியத் கிரேக்கோ. அவர் 1927 ஆம் ஆண்டில் பிறந்தவர். ஜெர்மானியர் ஆட்சியின்போது இளம்பருவத்திலேயே சிறையிடப்பட்டவர். அவருடைய தாயும் தமக்கையும் ராவென்ஸ்புருக் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீண்டனர். பாடுமாறு அவரைத் தூண்டியவருள் ஒருவர் சார்த்தர். வெற்றுச் சொற்களைப் பாட மனமில்லாத கிரேக்கோவிடம் அவர் கவிதை நூல்களைக் கொடுத்துத் தெரிந்தெடுக்கச் சொன்னார். ரெமோன் கெனோவின் கவிதை ஒன்று அங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்டது. சார்த்தர் 1944 ஆம் ஆண்டில் அரங்கேறிய தம் நாடகத்தில் ஒரு பாத்திரம் பாடுமாறு எழுதிய கொலைமேடைப் பாட்டு ஒன்றையும் அவருக்களித்தார். இவற்றிற்கு இசை அமைத்தவர் அங்கேரியிலிருந்து பாரிஸுக்கு வந்து குடியேறிய ஜோசப் கோஸ்மா. 1949 ஆம் ஆண்டில் கிரேக்கோ மேடையேறிப் பாடினார்.

நிலவறையால் இலக்கியம் மலிந்தது எனச் சிலர் பழித்தனர். அப்பழி முழுதும் பொருந்தாது. கெனோவின் கவிதையை நூலில் கற்றோரினும் கிரேக்கோவின் குரலில் கேட்டோர் மிகப் பலர். நாடக அரங்கிற்குள் அடங்கியிருந்த ஒரு பாட்டு தெருவிற்கு வந்தது. எழுதியவர், இசை வகுத்தவர், பாடியவர் ஆகிய மூவர் பெயரும் ஈண்டு நிலைபெற்றன. இழக்கப்பட்டது மற்றொன்று. 'இருத்தலியல்' என்னும் பெயர் தன் பொருளை இழந்து, ஓர் ஆடைக்கும் ஓர் ஆட்டத்திற்கும் பெயராயிற்று.

இத்திரிபை உள்ளிருந்தே கண்டு நகைத்தவர் போரிஸ் வியான். அவர் பொறியியல் கற்றவர், ஊதுகொம்பிசை வல்லவர், சார்த்தர் நடத்திய இதழில் எழுதியவர். அவர் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நாள்களின் நுரை' என்னும் நாவலில் ஜான்-சோல் பார்த்தர் என்றொரு மெய்ப்பொருளறிஞர் வருகின்றார். பெயர் மாறாட்டம் வெளிப்படை. ஷிக் என்னும் இளைஞன் தன் மணவாழ்விற்கென நண்பன் அளித்த பொருளையெல்லாம் பார்த்தரின் நூல்களையும் அவர் உடுத்த உடைகளையும் வாங்கிச் சேர்ப்பதில் அழிக்கின்றான். இறுதியில் அவனும், அவனைக் காதலித்தவளும், பார்த்தரும் மாய்கின்றனர். அதே நாவலில் தலைவி குளோயியின் பெயர் டியூக் எல்லிங்டன் இசைத்த பாட்டொன்றிலிருந்து வந்தது. அவளைக் கண்டவுடன் தலைவன், எல்லிங்டன் வகுத்த இசையமைப்போ நீ எனக் கேட்கின்றான். இசையால் நாவல் பிறப்பதையும், நூலைப் படியாது சேர்த்துக் குவிக்கும் மோகத்தையும் ஒரே நூலில் வைத்துக் காட்டினார் வியான். நூலைச் சேர்த்தல் வேறு, அதனைச் சேர்தல் வேறு என்பது அந்நகைச்சுவையின் உட்பொருளாம்.

3. கடற்கரைப் பாட்டு

இனி, பாட்டு நூலை மொழி கடந்தும் தலைமுறை கடந்தும் சுமந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்பாம். காம்யுவின் 'அந்நியன்' 1942 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அல்ஜியர்ஸ் நகரில் வாழும் மெர்சோ என்னும் பிரெஞ்சு எழுத்தன் தன் தாயின் இறுதிச் சடங்கில் அழாதிருக்கின்றான். சில நாள்களின் பின்னர், வெயில் கொளுத்தும் கடற்கரையில் அரபியன் ஒருவனைச் சுட்டுக் கொல்கின்றான். அதற்குத் தூக்கின்றித் தலைதுணிக்கும் தண்டனை பெறுகின்றான். ஆங்கிலப் பெயர்ப்பு 1946 ஆம் ஆண்டில் வந்தது. தமிழில் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சு மூலத்திலிருந்து நேரே பெயர்த்த 'அந்நியன்' 1980 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1978 ஆம் ஆண்டு டிசம்பரில், இங்கிலாந்தின் கிராலி என்னும் ஊரைச் சேர்ந்த 'தி க்யூர்' என்னும் இளைஞர் குழுவினர் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். பாடியவர் ராபர்ட் ஸ்மித். அப்போது அவருக்கு வயது 19. மூன்று நிமிடத்திற்கும் குறைவான அப்பாட்டு, மெர்சோ கடற்கரையில் நின்ற அவ்வொரு கணத்தை மட்டும் எடுத்துப் பாடுகின்றது. கீழைநாட்டுச் சாயலுடைய கிதார் ஒலி அதனைச் சூழ்ந்து வருகின்றது. 'கில்லிங் அன் அராப்' என்பது அதன் தலைப்பு. ஓர் அரபியனைக் கொல்லுதல் என்பது பொருள். இக்காலத்தில் காம்யுவை நாடிய இசைக்குழு இஃதொன்றே அன்று. 1976 ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் தோன்றிய 'தி ஃபால்' குழுவினர், 1956 ஆம் ஆண்டில் வெளிவந்த காம்யுவின் 'வீழ்ச்சி' நாவலின் பெயரையே தம் பெயராகக் கொண்டனர்.

தலைப்பின் பொருள் யாது என வியந்து, பாட்டின் மூலத்தைத் தேடி, 'அந்நியன்' நாவலைக் கையில் எடுத்த இளைஞர் பலர். இதுவரை இசையின் கொடை பெரிதே. ஆயின் தேடிச் செல்லாதார் நிலை யாது? அவர்க்கு மெர்சோவும் இல்லை, காம்யுவும் இல்லை. எஞ்சியது தலைப்பு மட்டுமே. 1986 ஆம் ஆண்டில் இப்பாட்டு ஒரு தொகுப்பில் மீண்டும் வெளிவந்தபோது, அரபு மக்கள்மீது வெறுப்பைத் தூண்டுமாறு இது பயன்படுகின்றது என அமெரிக்காவில் குறை எழுந்தது. அமெரிக்க அரபு மக்களுக்கு எதிரான பாகுபாட்டை எதிர்க்கும் குழுவினர் முறையிட்டதன் பயனாக, பாட்டை இனவெறுப்பிற்குப் பயன்படுத்தலைக் கண்டிக்கும் குறிப்பொட்டு ஒன்று தட்டின் உறைமேல் ஒட்டப்பெற்றது. 1991 ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போதும் 2001 ஆம் ஆண்டிற்குப் பின்னரும் அப்பூசல் மீண்டும் தலைதூக்கிற்று. 2005 ஆம் ஆண்டு முதல் மேடைகளில் ஸ்மித் தலைப்புத் தொடரையே மாற்றிப் பாடலானார்.

பாட்டு வெறுப்பை விதைக்க எழுந்ததன்று என்பது ஒருதலை. நாவலைக் கற்றார்க்கு அஃது எளிதில் விளங்கும். ஆனால், விளக்கத்திற்கு நூல் வேண்டப்படும் ஒரு பாட்டு நூலின்றி ஊரூராகச் செல்லும்போது, அதனைக் கேட்போர் தம் நெஞ்சில் முன்னரே உள்ளதைக்கொண்டே பொருள் செய்துகொள்வர். உறைமேல் ஒட்டிய துண்டுத்தாள் நூலுக்கு ஈடாகாது.

4. பாட்டில் இல்லாத குழல்

பாட்டு இழந்தனவற்றை அறிய நூலுக்கே திரும்புதல் வேண்டும். நாவலின் இரண்டாம் பகுதி முழுதும் வழக்கு மன்றமும் சிறையும் ஆகும். ஆங்கு மெர்சோவின் குற்றமாக எண்ணப்படுவது கொலையினும், தாயின் சடங்கில் அவன் அழாமையும், பாலிட்ட காப்பி பருகியமையும், மறுநாள் பெண்ணொருத்தியுடன் நகைச்சுவைத் திரைப்படம் பார்த்தமையுமே. கொல்லப்பட்டவனைப் பற்றிய பேச்சு அரிதாகின்றது. பாட்டு இப்பகுதியை முற்றும் விட்டுவிட்டது. எனவே நாவலின் நடுவணதாகிய வினாவும் அதனிடத்து இல்லை.

மற்றொன்றும் உண்டு. மெர்சோ தன் நண்பன் ரெமோனுடன் கடற்கரை ஓரத்து நீரூற்றை அடையும்போது, ஆங்குப் படுத்திருக்கும் அரபியர் இருவருள் ஒருவன் சிறு நாணற்குழல் ஒன்றை ஊதிக்கொண்டிருக்கின்றான். அதனின்று எழுவன மூன்றே சுரங்கள். வெயில், அமைதி, ஊற்றின் ஒலி, அம்மூன்று சுரம் ஆகியவையன்றி ஆங்கு வேறொன்றும் இல்லை எனக் காம்யு காட்டுகின்றார். பின்னர் மெர்சோ தனியே திரும்பும்போது குழலூதியவன் அங்கில்லை. கொல்லப்படப் போகின்றவன் மட்டும் படுத்திருக்கின்றான். குழலும் ஒலிக்கவில்லை.

யாமும் முதல் முறை இந்நாவலைக் கற்றபோது இக்குழலைக் கேளாமலே கடந்து சென்றோம். கதிரவனும் துப்பாக்கியும் எம் கண்ணைப் பறித்தன. பாட்டைக் கேட்டபின் மீண்டும் நாவலைத் திறந்தபோதே, பாட்டில் இருந்த கிதாருக்கும் நூலில் இருந்த நாணலுக்கும் இடையே உள்ள வேறுபாடு எம் செவிக்குப் புலனாயிற்று. நாவலில் அரபியர் பேசும் இடம் மிக அரிது. அவர்கட்கு இருப்பது அம்மூன்று சுரமே. இசை வழியாக நூலுக்கு வந்தவர்க்கே நூலினுள் இருக்கும் இசை எளிதில் கேட்கும் போலும்.

5. பெயர் பெற்ற இறந்தவன்

இறந்தவனுக்குப் பெயர் இன்மை பாட்டின் குற்றம் அன்று. நாவலிலேயே அவனுக்குப் பெயர் இல்லை. ரெமோன் தன் காதலியின் பெயரைச் சொன்னவுடன் அவள் மூர் இனத்தவள் எனத் தான் உணர்ந்ததாக மெர்சோ கூறுகின்றான். ஆனால் அப்பெயரைப் படிப்போர்க்குக் கூறுவதில்லை. மெர்சோ கேட்ட பெயரும் நமக்கு மறைக்கப்படுகின்றது. நாவலில் ஒலியாது நின்ற இவ்வின்மையைப் பாட்டு எடுத்துத் தலைப்பாக்கி உரத்துக் கூறிற்று; அவ்வளவே வேற்றுமை.

இதுகொண்டு காம்யு அரபு மக்களின் துயர் அறியாதவர் என முடிவுசெய்தல் கூடாது. கபீலியா மலைநாட்டு மக்களின் பசியையும் கூலிக் கொடுமையையும் 1939 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அல்ஜியர்ஸ் நாளிதழில் தொடர்ந்து எழுதி வெளிப்படுத்தியவர் அவரே. செய்தியாளராகக் கண்ட மக்களை நாவலில் நிழலாக்கியது ஏன் என்பதே ஆராய்ச்சிக்குரிய வினா. எட்வர்ட் சைது 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட பண்பாடும் பேரரசும் பற்றிய நூலில், இந்நாவலைப் பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் பின்னணியில் வைத்துக் காணவேண்டும் என வற்புறுத்தினார்.

அல்ஜீரிய எழுத்தாளர் கமேல் தாவுத் 2013 ஆம் ஆண்டில் அல்ஜியர்ஸில் ஒரு நாவல் வெளியிட்டார். மெர்சோ வழக்கின் மறுவிசாரணையாக அமைந்த அந்நூலில், கொல்லப்பட்டவனுடைய தம்பியாகிய ஆரூன் முதுமையில் ஓரான் நகரத்து மதுக்கடையில் இருந்து தன் கதையைக் கூறுகின்றான். இறந்த தமையனுக்கு மூசா என்னும் பெயர் கிடைத்தது. பிரெஞ்சு நாட்டில் 2015 ஆம் ஆண்டில் முதல் நாவலுக்குரிய கோன்கூர்ப் பரிசையும் அந்நூல் பெற்றது. ஒரு பெயரைக் கொடுப்பதற்கு ஒரு நூல் முழுதும் வேண்டியிருந்தது. எழுபது ஆண்டுகளும் வேண்டியிருந்தன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன இவை. 'குமட்டல்' நாவலில் பாட்டு, ஒருவனை நூல் எழுதத் தூண்டிற்று; பாட்டுடையார் பெயர் மறைந்தது. பாரிஸ் நிலவறைகளில் குரல், கவிதையை மக்களிடம் சேர்த்தது. தத்துவத்தின் பெயர் திரிந்தது. கிராலி இளைஞர் பாட்டு, ஒரு தலைமுறையினரை 'அந்நியன்' நாவலுக்கு அழைத்துச் சென்றது. பெயரற்றவனின் சாவு தலைப்பாக நின்று தீங்கிற்கும் இடமாயிற்று. ஆகவே இசை வழியாக இலக்கியத்தை அடைதல் இழிவெனக் கருதும் கல்வியாளர் கூற்றும், பாட்டே போதும் நூல் வேண்டா என்பார் கூற்றும் ஒருங்கே பொருந்தாதனவாம்.

நூல் பரவிய வரலாற்றை எழுதப் புகுவோர், பதிப்புகளோடு இசைத்தட்டுகளையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து. கொள்ளும்போது, பாட்டு எதனைக் கொணர்ந்தது என்பதோடு எவர் பெயரை வழியில் விட்டு வந்தது என்பதையும் வினவுதல் வேண்டும். பாட்டைக் கேட்டு வரும் மாணாக்கரை நாம் நகைத்து அனுப்புதல் தகாது. நூலைக் கையில் கொடுத்து, நீரூற்றின் அருகே ஒலிக்கும் அம்மூன்று சுரம் வரையேனும் உடன் சென்று காட்டுதலே ஆசிரியர்க்குரிய கடனாகும். வேற்று மொழி நாவல்களும் வேற்று இசைகளும் பற்றிய சான்றுகளைக் கொண்டு இவ்வாய்வை விரித்துச் செல்லுதல் அறிஞர்க்குக் கடனாம்.